வீட்டில் இருக்கும் எட்டுக்கால் பூச்சிகளில் விஷமுள்ளது எது? பாத்ரூம், மோட்டார் ரூம், அம்மாவின் கை: மூன்று சந்தேகங்கள்

செங்கை_தனிவீடு கேட்டது:

செங்கல்பட்டு பக்கம் தனி வீடு. பின்புறம் நெல் வயல், ஒரு பக்கம் புல் மண்டிய காலி மனை. விவரம் தெரிந்தவர்கள் மூன்று விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

பாத்ரூம் வெண்டிலேட்டருக்குக் கீழே, கால் விரித்தால் உள்ளங்கை அகலம் வரும் பழுப்பு எட்டுக்கால் பூச்சி ஒன்று இருக்கிறது. வலை எதுவும் கட்டவில்லை. வயிற்றுக்கு அடியில் ஒரு ரூபாய் காசளவுக்கு வெள்ளையாக, தட்டையாக எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. லைட் போட்டால் கதவுக்குப் பின்னால் ஓடிவிடுகிறது.

மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழேயும், அங்கே போட்டிருக்கும் பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் அடியிலும் வேறு வகை. உடம்பு ஒரு கடலை அளவு, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், கால்களில் வரி வரியாக இருக்கிறது. வலைக்கு ஒழுங்கான வடிவம் கிடையாது, நூல் எல்லாப் பக்கமும் ஓடுகிறது. பக்கத்தில் முள் முள்ளாக வெளிர்மஞ்சள் உருண்டைகள் நாலைந்து தொங்குகின்றன.

மூன்றாவது, அம்மாவின் இடது முன்கை. காலையில் எழுந்தபோது நீளவாக்கில் சிவந்த கோடு, நல்ல எரிச்சல். மறுநாள் அதன்மேல் சின்னச் சின்னக் கொப்புளம். முழங்கை மடிப்புக்கு மேலும் கீழும் ஒரே மாதிரி இரண்டு திட்டு. எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டிருக்கிறது என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். அக்கி, காவி எழுதினால் சரியாகிவிடும் என்று இன்னொருவர். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, வீட்டில் தவழும் குழந்தையும் இருக்கிறது.

இணையத்தில் தேடினால் சதையை அழுக வைக்கும் 'பிரவுன் ரெக்லூஸ்' படமாக வந்து விழுகிறது. வீடு முழுக்க மருந்து அடித்துவிடலாமா?

---

எண்காலி:

மருந்து அடிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். மூன்றுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை.

பாத்ரூமில் இருப்பது வேட்டைச் சிலந்தி, ஹெட்டரோபோடா வெனட்டோரியா. உலகின் வெப்பப் பகுதிகள் முழுவதும் மனிதர் குடியிருப்போடு சேர்ந்தே பரவிய இனம். உறுதிசெய்ய டார்ச் அடித்து முகத்தைப் பாருங்கள்: கண்களுக்குக் கீழே குறுக்காக ஒரு வெளிர்மஞ்சள் பட்டை ஓடும். கால்கள் மேல்நோக்கி மடியாமல் பக்கவாட்டில் விரிந்து சுவரோடு படிந்திருக்கும், அதனால்தான் கதவிடுக்கில் அப்படி நுழைய முடிகிறது. கால்களில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முள் கிளம்பும். வெள்ளைத் தட்டு முட்டைப்பை. உள்ளே நூற்றுக்கு மேல் முட்டை இருக்கும். குஞ்சு வெளிவரும் வரை தாய் அதைக் கீழே வைக்காது. இந்தச் சமயத்தில் கையால் அமுக்கினாலோ பையைப் பிடுங்கினாலோ கடிக்கும். கடித்த இடத்தில் குத்தல் வலியும் கொஞ்சம் வீக்கமும் இருக்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். இதன் முக்கியமான இரை கரப்பான். அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

குழந்தை இருப்பதால் வெளியேற்றத்தான் வேண்டும் என்றால் விளக்குமாற்றால் அடிக்காதீர்கள். பை கிழிந்தால் பூச்சி ஒரு பக்கம் ஓடும், குஞ்சுகள் அறை முழுக்கச் சிதறும். காபி டம்ளர் இதற்குப் பத்தாது, விளிம்பில் கால் மாட்டி முறியும். வாய் அகன்ற ஒளி ஊடுருவும் டப்பா, குறைந்தது 12 செ.மீ. வாய் உள்ளதாக எடுத்துக்கொள்ளுங்கள். இது பக்கவாட்டில் பாயும், நேர் எதிரே ஓடுவது குறைவு. அதனால் டப்பாவைத் தலைக்கு நேராகக் கொண்டுபோய் மெதுவாகக் கவிழ்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவில் கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றைச் செருகுங்கள். சாதாரணத் தாள் வளைந்து இடைவெளி விடும். எடுத்துப்போய் மனைப் பக்கம் விட்டுவிடலாம்.

மோட்டார் ரூம் விஷயம் வேறு. அந்த முள் உருண்டைகள்தான் உங்கள் வர்ணனையிலேயே மிக முக்கியமான தகவல். பழுப்பு விதவைச் சிலந்தி, லாட்ரோடெக்டஸ் ஜியோமெட்ரிகஸ். நெருஞ்சிக்காய் மாதிரி சுற்றிலும் பட்டு முட்கள் நீட்டிய, சுமார் 1 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டை முட்டைப்பை நம் வீட்டுச் சிலந்திகளில் வேறெதற்கும் கிடையாது. பூச்சியையே பார்க்காமல் பையை வைத்துச் சொல்லிவிடலாம். பூச்சியிலும் பார்க்க வேண்டுமானால் நாற்காலியைத் தொடாமல் மொபைல் கேமராவைக் கீழிருந்து நீட்டிப் படம் எடுங்கள். இது வலையில் தலைகீழாகத் தொங்குவதால் வயிற்றின் அடிப்பக்கம் மேலே பார்த்து இருக்கும், கேமராவைச் சற்றுச் சாய்க்க வேண்டிவரும். அந்தப் பக்கத்தில் உடுக்கை வடிவத்தில் ஆரஞ்சு அல்லது சிவப்புக் குறி தெரியும். வலையில் ஒரு குச்சியை விட்டு இழுத்தால் நூல் அறுபடும்போது லேசாகப் படபடவென்று சத்தம் கேட்கும், அவ்வளவு உறுதியான நூல். ஒட்டடையில் அந்தச் சத்தம் வராது.

இந்தியாவில் இது இருப்பதாக முதல் அறிவியல் பதிவு 2007-இல் புணேயிலிருந்து வெளிவந்தது. நாற்காலி, பூந்தொட்டி, பெட்டி, வண்டி என்று சாமான்களோடு இடம் மாறிப் பரவும் இனம். விஷத்துக்குப் பேர்போன கறுப்பு விதவைச் சிலந்தியின் நெருங்கிய உறவு. சம அளவு விஷத்தை ஒப்பிட்டால் இதன் விஷம் வீரியத்தில் குறைந்ததல்ல. ஆனால் கடிக்கும்போது செலுத்தும் அளவு மிகக் குறைவு, கடிப்பதும் அபூர்வம். தொட்டால் பெரும்பாலும் கால்களை மடக்கிக்கொண்டு கீழே விழுந்து செத்ததாகக் கிடக்கும். ஆள் கடிபடுவது அதைப் பார்க்காமல் விரலால் அமுக்கும்போதுதான்: நாற்காலியைத் தூக்க விளிம்புக்கு அடியில் கை விடும்போது, தொட்டியை நகர்த்தும்போது, கேட் கொண்டிக்குப் பின்னால் விரலை நுழைக்கும்போது. தவழும் குழந்தை நாற்காலிக் காலைப் பிடித்து எழும் வயதில் இருப்பதால் இதை மட்டும் முழுசாக அகற்றுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். சுவர் மூலையில் செம்பழுப்பாக, அரை செ.மீ. அளவில் உருண்டு இருப்பது நெஸ்டிகோடெஸ் ரூஃபிபெஸ். வீட்டுக்கு வீடு உண்டு, சிவப்பாக இருப்பதால் மக்கள் பயப்படுகிறார்கள், உடுக்கைக் குறி இல்லை, தொந்தரவும் இல்லை. இன்னொன்று வெளிர்பழுப்புத் தாள் பொட்டலமாக, ஒரு முனை கூம்பிய முட்டைப்பை வைக்கும் பாரஸ்டியாடோடா. அதுவும் ஆபத்தில்லாதது.

கூரை மூலையில் நீளக்கால்களோடு ஒட்டடை கட்டும் ஒல்லிப் பூச்சி, தொட்டால் வலையோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடுமே, அது குரோசோப்ரிசா. உலகிலேயே கொடிய விஷம் அதற்குத்தான், பல் சின்னது என்பதால் பிழைத்தோம் என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. கொசுவைப் பிடித்துத் தின்கிற பூச்சி.

பிரவுன் ரெக்லூஸ் அமெரிக்காவின் மத்திய, தென் மாநிலங்களுக்கு உரியது. முதுகில் வயலின் குறி என்ற ஒரே அடையாளத்தை வைத்துத் தேடினால் நம் வீட்டில் உள்ள பாதிப் பூச்சிகளும் அதுவாகத் தெரியும். கண்ணைத்தான் எண்ண வேண்டும். ரெக்லூஸுக்கு ஆறு கண், இரண்டிரண்டாக மூன்று ஜோடி. பெரும்பாலான வீட்டுச் சிலந்திகளுக்கு எட்டு. நம் ஊரில் ஆறு கண்ணோடு ஒன்று உண்டு, ஸ்கைடோடெஸ் என்னும் பசை துப்பும் சிலந்தி. அதன் தலைநெஞ்சு (தலையும் நெஞ்சும் ஒன்றாயிருக்கும் முன்பாதி) பின்பக்கம் மேடாக எழும்பியிருக்கும், ரெக்லூஸுடையது தட்டை. மெதுவாக நடக்கும், மனிதருக்கு ஒன்றும் செய்யாது.

---

அவசரப்பிரிவு_பணி:

அம்மாவின் கைக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய ஒவ்வொரு விவரமும் ஒரே இடத்தைக் காட்டுகிறது: பேடரஸ் வண்டு. சிலந்திக்கு இதில் வேலையே இல்லை.

7 முதல் 10 மி.மீ. நீளம், ஒல்லி உடம்பு, கறுப்புத் தலை, ஆரஞ்சு நெஞ்சு, நடுவில் மினுங்கும் நீலப் பச்சை, பிறகு மறுபடி ஆரஞ்சு, கடைசி நுனி கறுப்பு. அவசரத்தில் பார்த்தால் எறும்பு என்று நினைப்பீர்கள். நெல் வயலில் இருக்கும், மழைக்காலத்தில் இரவு விளக்குக்கு வரும். கடிக்காது, கொட்டாது. தூக்கத்தில் நாம் தேய்த்து நசுக்கும்போது அதன் உடம்பிலுள்ள பெடரின் என்ற நச்சு தோலில் படும். தேய்த்த வழியிலேயே கோடு விழும். முழங்கையை மடக்கினால் ஒரு பக்கத்து நச்சு மறுபக்கம் ஒட்டும், அதுதான் மடிப்புக்கு மேலும் கீழும் நீங்கள் பார்த்த ஜோடித் திட்டு. பட்டவுடன் ஒன்றும் தெரியாது. 12 மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் எரிச்சலும் கொப்புளமும் வரும். அதனால் அன்று இரவு படுக்கையில் பூச்சி தேடினாலும் பயனில்லை, முந்தின நாள் பட்டதாகக்கூட இருக்கலாம்.

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அன்று உடுத்திய துணி, தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்துவிடுங்கள், நச்சு துணியில் ஒட்டியிருக்கும். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை 10 நிமிடம் போட்டு எடுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது, கண் பயங்கரமாக வீங்கும். தோல் மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு எழுதிக்கொடுப்பார். மெடிக்கலில் கேட்டு வாங்கி நீங்களாகப் போடாதீர்கள், அக்கியாக இருந்தால் அதே களிம்பு கெடுதல் செய்யும். ஒன்று இரண்டு வாரத்தில் ஆறும், கறுப்புத் தழும்பு சில மாதம் நிற்கும். சர்க்கரை இருப்பதால் சீழ், காய்ச்சல், சிவப்பு பரவுதல் இதில் எது தெரிந்தாலும் அன்றே காட்டுங்கள்.

அக்கி என்றால் உடம்பின் ஒரே பக்கத்தில், ஒரு நரம்பு போகும் வழியில் பட்டையாக வரும். பெரும்பாலும் கொப்புளத்துக்கு ஓரிரு நாள் முன்பே அந்த இடம் வலிக்கத் தொடங்கும். அது வைரஸ். கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்கினால்தான் நல்ல பலன். காவி எழுதக் கூட்டிப்போய் அந்த மூன்று நாளைத் தொலைத்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் நரம்பு வலியோடு வருபவர்கள் நிறைய.

எட்டுக்கால் பூச்சி மூத்திரம் என்பது இல்லாத ஒன்று. அதன் கழிவு குவானின் என்னும் வெள்ளைப் பொருள். வலைக்கு நேர் கீழே தரையில் சுண்ணாம்புத் துளிகள் தெரிகிறதே, அதுதான். தோலில் பட்டால் துடைத்துவிட்டுப் போகலாம்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். புல் மண்டிய காலி மனை என்று எழுதியிருக்கிறீர்கள். அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டை, மார்புக்கு அடியில், இப்படி மறைவான இடத்தில் வலியில்லாத சின்னப் புண், நடுவில் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். இதைப் பார்த்தவுடன் "சிலந்தி கடிச்சிருக்கு" என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள். கூடவே காய்ச்சலும் தலைவலியும் இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளினில் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தவறவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போகும், உயிரையே எடுக்கும். காய்ச்சலோடு போகும்போது அந்தப் புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள். கூச்சப்பட்டு மறைக்கிற இடத்தில்தான் அது பெரும்பாலும் இருக்கிறது.

இன்னொன்று. தரையில் பாய் போட்டுப் படுத்தவரை இரவில் ஏதோ கடித்தது, என்னவென்று பார்க்கவில்லை என்றால் ஒருபோதும் 'எட்டுக்கால் பூச்சிதான்' என்று விட்டுவிடாதீர்கள். கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது, பல் தடத்தைத் தேடினாலும் கிடைக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை தானாகச் சொருகுதல், விழுங்கச் சிரமம் என்று ஆரம்பிக்கும். அப்போது ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. 108-ஐக் கூப்பிடுங்கள். கடித்த இடத்தில் தாங்க முடியாத வலியோடு உடம்பு வியர்த்து, வாந்தி வந்து, கைகால் சில்லிட்டால் செந்தேளை நினைக்க வேண்டும், குழந்தைகளுக்கு அது இதயத்தைப் பாதிக்கும். இரண்டு புள்ளி தெரிகிறது, அதனால் சிலந்தி என்பதெல்லாம் சான்றே இல்லை. கடித்ததைப் பார்த்திருக்க வேண்டும், பூச்சி கையில் கிடைத்திருக்க வேண்டும், தெரிந்தவர் அதை அடையாளம் சொல்லியிருக்க வேண்டும். இவை இல்லாத 'சிலந்திக்கடி'யை நான் வேறு நோயாகவே வைத்துத் தேடுவேன்.

---

பூச்சிமருந்து_மதுரை:

சார், வீடு முழுக்க அடிக்கவே வேண்டாம். தொழில் செய்கிறவனாகவே சொல்கிறேன், சிலந்திக்கு ஸ்ப்ரே என்பது காசுக்குக் கேடு. டெல்டாமெத்ரின் மாதிரி மருந்தெல்லாம் தரையிலும் சுவரிலும் காய்ந்து நிற்கும், கரப்பான் அதன்மேல் வயிறு உரச நடந்து போகும், ஏறிக்கொள்ளும். சிலந்தி உடம்பைத் தூக்கிக்கொண்டு கால் நுனியில் நிற்கிறது, அதிலும் வலைச் சிலந்தி சுவரைத் தொடுவதே அபூர்வம். முட்டைப்பைக்குள் மருந்து போகவே போகாது. இருக்கிற தாய் செத்தாலும் கொஞ்ச நாளில் குஞ்சு வெளியே வந்துவிடும். தவழும் குழந்தை தரையை நக்குகிற வயசு வேறு. மீன் தொட்டி, பூனை இருந்தால் இன்னும் ஜாக்கிரதை.

மோட்டார் ரூமுக்குச் செய்ய வேண்டியது கை வேலை. சாயங்காலம் இருட்டின பிறகு போங்கள், பகலில் அது மூலைக்குள் ஒடுங்கி இருக்கும், இரவில்தான் வலை நடுவுக்கு வந்து தொங்கும். முதலில் மெயினை ஆஃப் பண்ணுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியைச் சுற்றி ஈரக் கம்பு, ஈரத்துணி கூடவே கூடாது. தலையில் மாட்டும் டார்ச், தடித்த ரப்பர் கிளவுஸ், முழுக்கை சட்டை, ஷூ. ஷூவைப் போடும் முன் உதறுங்கள்.

ஒட்டடைக்கம்பு நுனியில் பழைய பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டுங்கள். வலையை மேலிருந்து கீழே இழுக்கிறார்கள், அதுதான் தப்பு, பூச்சி கீழே விழுந்து சாமான் இடுக்குக்குள் போய்விடும். தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டு, கம்பை ஒரே திசையில் உருட்டிக்கொண்டே வலையைச் சுற்றி எடுங்கள். விழுந்தாலும் வெள்ளையில் தெரியும். செத்த மாதிரி கிடக்கும், நம்பாதீர்கள், ஷூ காலால் நசுக்கிவிடுங்கள். முட்டைப்பை ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்துத் தடித்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயைக் கட்டி, மேலே மிதித்து நன்றாக நசுக்குங்கள். சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள், உள்ளே நனைந்ததா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. குப்பையில் அப்படியே போட்டால் குப்பைத் தொட்டியில் குஞ்சு பொரிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தயவுசெய்து மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், கொளுத்தவும் செய்யாதீர்கள். ஸ்டார்ட்டரில் ஒரு பொறி போதும்.

பிறகு வெளியே தேடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் கவிழ்த்து அடிப்பக்க விளிம்பைப் பாருங்கள், உள்பக்கம் மடிந்த அந்த விளிம்புதான் அதற்குப் பிடித்த இடம். பூந்தொட்டியின் வாய் விளிம்பு, கவிழ்த்துப் போட்ட வாளி, ஹாலோ பிளாக் ஓட்டை, மீட்டர் பெட்டி, கேட் கொண்டி, ரொம்ப நாள் எடுக்காத வண்டியின் மட்கார்டுக்கு உள்ளே, மாட்டி வைத்த ஹெல்மெட். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குள்தான் பெரும்பாலும் இருக்கும், மாடி உத்தரத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

---

பாம்பன்_கரை:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் பக்கம், இராமேஸ்வரத்தில், புளியமரப் பொந்தில் கை அகலத்துக்கு முடி வைத்த எட்டுக்கால் பூச்சி இருக்கிறது. மழை நேரத்தில் பழைய ஓட்டு வீட்டுக்குள்ளும் வரும். சாம்பலில் கறுப்புக் கோலம், முன்கால் அடியில் பளீரென்று மஞ்சள். இதைத்தான் ஆட்கள் கண்டவுடன் அடித்துக் கொல்கிறார்கள். இது ஆபத்தா?

---

வன்னிக்காடு:

அது நாங்கள் புலிமுகச் சிலந்தி எண்டு சொல்லுற இனம், பொயிசிலோதெரியா. இந்தியாவிலயும் இலங்கையிலயும் மட்டும்தான் இருக்கு. உங்கட தீவில இருக்கிறது ஹனுமவிலாசுமிக்கா எண்ட தனி வகை. 2004-இல பெயர் வச்சவை, அங்கத்தைய அனுமார் கோயிலின்ர பெயர்தான். மிக மோசமா அழிஞ்சு வாற உயிரினங்களின்ர பட்டியலில இருக்கு. எங்கட பக்கம் மன்னாரிலயும் பதிவாகி இருக்கு. பழைய புளி, பனை, தென்னை பொந்துகள்தான் வீடு. மரத்தைத் தறிச்சா அதுக்குப் போக்கிடம் இல்லை, அதான் ஓட்டுக்குள்ள வருது.

கடி லேசானது எண்டு சொல்ல ஏலாது. இந்த வீட்டுச் சிலந்திகளை எல்லாம் விட இதின்ர கடிதான் உடம்பை ஆட்டும். கடிச்ச இடம் கடுமையா வலிக்கும், வீங்கும். சில மணித்தியாலம் கழிச்சு, சிலருக்கு அடுத்த நாள், கால், தொடை, தோள் எண்டு தசைப்பிடிப்பு தொடங்கும். கிழமைக்கணக்கில விட்டு விட்டு வாறதும் உண்டு. நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, தசையைத் தளர்த்துற மருந்தும் வலி மருந்தும் குடுப்பினம். உயிராபத்து வாறது எண்டு பயப்பட வேண்டாம்.

முன்காலைத் தூக்கி அந்த மஞ்சளைக் காட்டுதெண்டால் அது எச்சரிக்கை. அந்த நேரம் கிட்டப் போகாதேங்கோ, விளக்குமாற்றாலயும் தட்டாதேங்கோ, மின்னல் வேகத்தில ஓடி கம்பு வழியா கையில ஏறும். பெரிய போத்தல் டப்பாவால மூடி, தடிச்ச மட்டையைச் செருகி, பொந்துள்ள மரத்தடியில விடுங்கோ. அதின்ர மயிர் பட்டாச் சொறியும் எண்டு சொல்லுறது தென்னமெரிக்க இனங்களின்ர கதை, இதுக்கு அந்த உதிர்க்கிற மயிர் இல்லை.

---

எண்காலி:

வன்னிக்காடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பொயிசிலோதெரியா முழுவதும் 2019-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வளர்ப்புக்கு என்று யாராவது விலை கேட்டு வந்தால் கொடுத்துவிடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் உள்பகுதியில் இருப்பது இன்னொரு வகை, ரெகாலிஸ். வயிற்றின் அடியில் குறுக்காக வெளிர்நிறப் பட்டை ஓடும். செங்கல்பட்டுக்காரரே, உங்கள் பக்கத்தில் பழைய மரங்கள் இருந்தால் நீங்களும் பார்க்கலாம்.

---

செங்கை_தனிவீடு:

எல்லோருக்கும் நன்றி. கேமராவைச் சாய்த்து எடுத்த படத்தில் ஆரஞ்சு உடுக்கை தெளிவாகத் தெரிகிறது. அம்மாவைத் தோல் மருத்துவரிடம் காட்டினோம், அவரும் வண்டுதான் என்றார். இன்னும் இரண்டு கேள்வி. இந்தப் பழுப்பு விதவை கடித்தேவிட்டால் வீட்டில் என்ன செய்வது? பாம்புக்கடி ஊசி இதற்கு உதவுமா? வண்டு வராமல் இருக்க என்ன வழி?

---

அவசரப்பிரிவு_பணி:

பாம்பு ஊசி உதவாது. நம் நாட்டு ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கானது. சிலந்திக்கு அதைப் போட்டால் பலன் பூஜ்யம், ஒவ்வாமை அபாயம் மட்டும் மிச்சம்.

பெரும்பாலான பழுப்பு விதவைக் கடி, வலியும் சிவப்புமாக அந்த இடத்தோடு நின்றுவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், மோதிரம் வளையலைக் கழற்றுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம் வைத்து 10 நிமிடம் எடுங்கள். வலிக்குப் பாரசிட்டமால். கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது, சுண்ணாம்பு தடவுவது மூன்றும் வேண்டாம். சிவப்பின் விளிம்பைப் பேனாவால் வளைத்து, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். பரவுகிறதா என்று பிறகு வாதிட வேண்டியிருக்காது. டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

அரை மணி, ஒரு மணி நேரத்தில் வலி மேலேறுவது, கடித்த இடத்தைச் சுற்றி மட்டும் வியர்ப்பது, வயிறு கல்லாக இறுகுவது, முதுகு தொடைகளில் பிடிப்பு, வாந்தி இதில் எது வந்தாலும் மருத்துவமனை. விதவை இனங்களின் விஷம் நரம்பு முனைகளில் இருக்கும் சைகைப் பொருளை மொத்தமாகக் கொட்ட வைக்கிறது, தசை இறுகுவது அதனால்தான். வயிறு இறுகியிருப்பதைப் பார்த்து குடல் பிரச்சினை என்று ஸ்கேன் பக்கம் திருப்பிவிட வாய்ப்புண்டு, அதனால் பூச்சியை, நசுங்கியிருந்தாலும், ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் படமாவது. கடிபட்டது குழந்தை என்றால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

வண்டு மேலே ஏறினால் அடிக்காதீர்கள், ஊதித் தள்ளுங்கள் அல்லது தாளில் ஏற்றி விடுங்கள். நசுக்காதவரை அது ஒன்றும் செய்யாது.

---

பூச்சிமருந்து_மதுரை:

வயல் பக்கத்து ஜன்னலுக்கு நல்ல நெருக்கமான கொசுவலை அடியுங்கள், வெண்டிலேட்டரையும் விடாதீர்கள். வெளியே எரிகிற வெள்ளை எல்.இ.டி.யை மஞ்சள் வெளிச்சத்துக்கு மாற்றி, ஜன்னலை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். அறுவடை சமயத்தில் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை அந்தப் பக்க ஜன்னலை மூடியே வையுங்கள். வெளிச்சத்துக்குப் பூச்சி வருவது குறைந்தால் அதைத் தின்ன வரும் சிலந்தியும் குறையும். கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போட்டு, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள்.

மோட்டார் ரூமை ஒருமுறை சுத்தம் பண்ணிவிட்டு விட்டுவிடாதீர்கள். கண்ணில் படாத ஒரு பை எங்காவது இருக்கும். மூன்று வாரம் கழித்து அதே மாதிரி இரவில் டார்ச்சோடு ஒரு சுற்று, அதற்கு மூன்று வாரம் கழித்து இன்னொரு சுற்று. குஞ்சு ரொம்பப் பொடியாக, வெளிறி இருக்கும், உடுக்கைக் குறியெல்லாம் அப்போது தேடாதீர்கள். தாறுமாறான புது நூல் நாற்காலி விளிம்பில் தெரிந்தாலே துடைத்துவிடுங்கள். அந்தப் பழைய நாற்காலி உபயோகத்தில் இல்லையென்றால் முதலில் அதை வெளியே போடுங்கள்.